பொம்மைக்குக் கட்டிய கதையும் பேகனிடம் கேட்ட பரிசிலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாண்டு நிறைவெய்திய ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் பொம்மைகளைப் பற்றிய பேச்சு எழுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பொம்மை விற்பதற்காக எழுதப்பட்ட படக்கதைகள் ஏன் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லின என்பதே இவ்வுரை எடுத்துக்கொண்ட கேள்வி. அதற்கு விடை தேடும் வழி, பழனிமலைச் சாரலை ஆண்ட பேகனின் வாயில்வரை செல்கிறது; அங்கிருந்து கோடைக்கானலில் இன்று எழுதப்படும் கவிதைக்குத் திரும்புகிறது. ஆதலின் பொருள் சிறுவர்க்குரியதாயினும் வழக்கு கவிஞர்க்குரியது.

பொம்மையும் கதையும்

பழனி அடிவாரத்துக் கடை வரிசையில் பொம்மைக்குக் குறைவில்லை. சிறு வேலும் சிறு காவடியும் சொப்புச் சாமானும் பிளாஸ்டிக் வாளும் எந்திர மனிதனும் அங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன. பார்வைக்கு எல்லாம் பொம்மையே. ஆனால் பொம்மைக்கும் கதைக்கும் உள்ள உறவை நோக்கினால் மூன்று வகை தெரியவரும்.

முதல் வகையில் கதை முந்தியது, பொம்மை பிந்தியது. நவராத்திரிக் கொலுவில் வைக்கப்படும் தசாவதாரப் பொம்மைகள் இவ்வகையின. கதையை முன்னரே அறிந்தவர்கள் அப்பொம்மையை வாங்குகின்றனர். பொம்மை உடைந்தாலும் கதைக்குச் சேதமில்லை.

இரண்டாம் வகையில் பொம்மை உண்டு; கதை இல்லை. மரப்பாச்சிக்குப் பெயரில்லை, ஊரில்லை, பகைவனுமில்லை. அதை மகளாக்குவதும் மாமியாராக்குவதும், காய்ச்சலில் படுக்கவைத்துக் கஞ்சி ஊட்டுவதும் குழந்தையின் பொறுப்பு. கதை சொல்லும் வேலையை மரம் கடைந்தவர் குழந்தைக்கே விட்டுவிட்டார்.

மூன்றாம் வகையில் பொம்மை முந்தியது. அதனை விற்பதற்காகக் கதை பிந்தி வரவழைக்கப்பட்டது. கடந்த நாற்பது ஆண்டுகளில் உலகெங்கும் பெருகியது இவ்வகையே.

1982ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ஹீ-மேன் என்னும் வீரனையும் அவனைச் சார்ந்தோரையும் பகைவரையும் பொம்மைகளாகச் சந்தைக்குக் கொணர்ந்தது. பொம்மையுடன் ஒரு சிறு படக்கதைப் புத்தகமும் சேர்த்துத் தரப்பட்டது. 1983இல் அது தொலைக்காட்சித் தொடராயிற்று. தூர்தர்ஷன் வழியே இந்திய வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. அதே 1982இல் ஹாஸ்புரோ நிறுவனம், 1964இல் தான் அறிமுகம் செய்த ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரன் பொம்மையை மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சுருக்கி மீண்டும் விற்கத் தொடங்கியது. உடன்வரும் படக்கதையை மார்வெல் காமிக்ஸ் வெளியிட்டது. 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வந்தது. ஜப்பானின் டக்காரா நிறுவனம் வேறு பெயர்களில் விற்றுவந்த, வண்டியாகவும் எந்திர மனிதனாகவும் உருமாறும் பொம்மைகளே அவை. ஹாஸ்புரோ வாங்கியபோது அவற்றுக்கு வடிவம் இருந்தது. இந்தக் கதை இல்லை. கதையும் பெயரும் பகையும் மார்வெல் எழுத்தாளர்களிடம் கேட்டு வாங்கப்பட்டன. பாப் புடியான்ஸ்கி என்பவர் பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரிட்டுக் குணக்குறிப்பும் எழுதினார்.

இது தொலைதூரத்துச் செய்தி மட்டுமன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப் நிறுவனமும் ஹாஸ்புரோவும் கூடி 1987இல் ஃபன்ஸ்கூல் நிறுவனத்தைத் தொடங்கின. ஜி.ஐ. ஜோ பொம்மைகள் இந்தியக் கடைகளுக்கு வந்தது அதன் வழியேதான்.

ஒரே கதை ஏன்?

இப்படக்கதைகளில் பலவற்றை அடுத்தடுத்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை விரைவில் புலப்படும். தீயவன் ஒருவன் ஓர் ஆற்றல்பொருளைக் கவர முனைகிறான். நல்லவர் அணி திரள்கிறது. புதியவன் ஒருவன் வந்து சேர்கிறான். தீயவன் தோற்று ஓடுகிறான். அடுத்த இதழில் மீண்டும் வருகிறான். எழுத்தாளர்கள் திறமையற்றவர்கள் என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. உண்மைக் காரணம் கடையின் தட்டில் இருக்கிறது.

தீயவனைக் கொன்றுவிட்டால் தட்டில் இருக்கும் தீயவன் பொம்மையை வாங்குவோர் யார்? ஆதலின் அவன் சாகக் கூடாது. நல்லவன் கை இழந்தால் கையுள்ள பொம்மை பொய்யாகும். ஆதலின் அவன் எதையும் இழக்கக் கூடாது. ஆண்டுதோறும் புதுப் பொம்மைகள் வருவதால் ஆண்டுதோறும் புதியவர்கள் அறிமுகமாக வேண்டும். கதையின் முதற்பக்கத்தில் இருந்த உலகம் கடைசிப் பக்கத்தில் பழையபடி திரும்பி வைக்கப்பட வேண்டும். இந்நான்கு கட்டளைகளுக்கும் அடங்கும் கதைகள் மிகச் சில. அச்சிலவே திரும்பத் திரும்ப எழுதப்பட்டன.

இறப்பும் இக்கட்டளைக்குத் தப்பவில்லை. 1986இல் வெளிவந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் இயங்குபடத்தில் நல்லவர் அணியின் தலைவன் ஆப்டிமஸ் பிரைம் கொல்லப்பட்டான். பழைய வரிசைப் பொம்மைகளை விலக்கிப் புதிய வரிசைக்கு இடம் செய்வதே அதன் நோக்கம். திரையரங்கில் குழந்தைகள் அழுதனர். 1987இல் தொலைக்காட்சித் தொடரில் அவன் உயிர்பெற்றுத் திரும்பினான். இறப்பை வேண்டியதும் சந்தையே, மீட்பை வேண்டியதும் சந்தையே. இடையில் அழுத குழந்தையின் துயரம் ஒன்றே அங்கு உண்மையாக இருந்தது.

பழனியின் கதையை இதனருகே வைத்துப் பார்க்கலாம். பழத்திற்கான போட்டியில் இளையவன் தோற்றான், சினந்து வந்தான், ஆண்டிக் கோலத்தில் மலைமேல் நின்றான். அப்பழம் அவனுக்குத் திரும்பக் கிடைத்ததாகக் கதை சொல்லவில்லை. இழப்பை இழப்பாகவே விட்டு வைத்தமையால்தான் அக்கோலம் இன்றும் பார்ப்போர் நெஞ்சைத் தொடுகிறது. ஹீ-மேனுக்கு அத்தகைய தோல்வியைக் கொடுக்க அவனை எழுதியவர்க்கு உரிமை இருந்ததில்லை.

குற்றம் திரும்பச் சொல்வதிலா?

இனி, திரும்பச் சொல்வதே குற்றம் என்று தீர்ப்பளித்து முடித்துவிடலாமா? தமிழ் மரபு அதனை ஏற்காது. தொல்காப்பியர் மரபியலில் முதல்நூலுக்கு அடுத்து வழிநூலுக்கு இடமளித்து, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என அதனை நான்காக வகுத்தார். பவணந்தியார் நன்னூலில், முன்னோர் முடிபோடு ஒத்துச் செல்லும் வழிநூல், பின்னோன் வேண்டும் வேறுபாட்டையும் கூற வேண்டும் என்றார். ஒத்துப்போதல் மரபு, வேறுபடுதல் கடமை. திரும்பச் சொல்வதற்கு இவ்விலக்கணம் இசைவு தருகிறது. வெறுமனே திரும்பச் சொல்வதற்கு இசைவு தரவில்லை.

குறிஞ்சித்திணை முழுதும் இவ்வாறு நிற்பதே. தலைவன், தலைவி, தோழி, செவிலி, தினைப்புனம், வேங்கை, யானை, கிளி, களவும் இரவுக்குறியும். பாத்திரங்களும் பொருள்களும் முன்னரே குறிக்கப்பட்டவை. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சி நூறும் பத்துப் பத்தாக ஒரே சொல்லையோ பொருளையோ பற்றி நடப்பன. எனினும் அவற்றை ஒருவரும் மலிவுப் படைப்பு என்று சொல்வதில்லை.

கோடைக்கானலிலேயே இதற்கொரு சான்று உண்டு. 1899இல் அங்கு நிறுவப்பெற்ற சூரிய ஆய்வுக்கூடம் நூறாண்டுக்கும் மேலாக ஒரே சூரியனைப் படம்பிடித்து வருகிறது. மேகம் மறைக்காத நாள்களிலெல்லாம் அதே வட்டம், அதே வேலை. அவ்வேலையினிடையே 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார்; அது அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரே பொருளைப் பல்லாயிரம் முறை பார்ப்பது புதுமைக்குப் பகையன்று. பார்க்காமலே பார்த்ததாக எழுதுவதுதான் பகை.

குற்றம் பணிக்கப்பட்டு எழுதுவதிலா?

அப்படியாயின், பிறர் பொருள் கொடுத்துப் பணிக்க எழுதியதே குற்றமோ? இவ்விடத்தில்தான் பேகனின் வாயிலுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

சங்கப் பாடல்கள் பொதினி என்று குறிக்கும் மலையூரைப் பழனி என்றே அறிஞர் கொள்வர். அம்மலைநாட்டை ஆண்ட ஆவியர் குடியில் வந்தவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை அளித்தவன் என்று உலகம் அவனைப் புகழும். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியை நாடிச் சென்றான். சிலம்பின் கண்ணகி வேறு, இவள் வேறு. இவள் பொருட்டுப் புலவர் நால்வர் பேகனைப் பாடினர். அப்பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்தாக நிற்கின்றன.

அரசன் ஒருவனே, மனைவி ஒருத்தியே, வேண்டுகோளும் ஒன்றே. அவன் இன்றே தேரேறி அவளிடம் செல்ல வேண்டும். இதனினும் ஒரே கதை வேறு இருக்க இயலாது. ஆயினும் நால்வரும் நால்வராகவே நிற்கின்றனர். கபிலர், சுற்றத்தின் பசியோடு சிற்றூர் வாயிலில் நின்று பேகனையும் அவன் மலையையும் பாடியபோது, குழல் இரங்குவது போல் அழுத ஒருத்தியைக் கண்டதாகச் சொல்லி, அவள் யாரோ, இரங்கத்தக்கவள் என்கிறார். யாரென அறிந்தும் அறியாதவர் போல் வினவுவதே அப்பாட்டின் கூர்மை. பரணர் ஒரு பாட்டில் அவளையே பேசவிடுகிறார். அவனுக்கு உறவா என்று வினவியபோது உறவில்லை என்று மறுத்து, தன்னைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி அவன் வேற்றூருக்குத் தேரில் போவதாகச் சொல்லுகிறார்கள் என்கிறாள். மற்றொரு பாட்டில் பரணர், தாம் பசியால் வரவில்லை, சுற்றத்தைத் தாங்கும் சுமையும் தமக்கில்லை என்று தொடங்கி, அவள் துயர் தீர அவன் இன்றிரவே செல்வதுதான் தாம் இரக்கும் பரிசில் என்கிறார். அரிசில் கிழார், அணிகலனும் செல்வமும் அவனிடமே இருக்கட்டும் என ஒதுக்கிவிட்டு, அவள் கூந்தல் மீண்டும் புகையும் பூவும் பெறுவதைக் கேட்கிறார். பெருங்குன்றூர் கிழார், மழையின் ஓசையைத் தனியே கேட்டிருந்த அவளையும் எண்ணெய் மறந்த அவள் கூந்தலையும் காட்டி, அதுவே எம் பரிசில் என முடிக்கிறார்.

இவர்கள் பரிசில் வாழ்க்கையினர். புரவலன் தரும் பொருளே இவர்தம் சோறு. மேட்டலின் எழுத்தாளர் நிலைக்கும் இவர் நிலைக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு கேட்டதில் இருக்கிறது. புரவலன் கேட்க விரும்பாத ஒன்றை அவன் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அதற்கு ஈடாகத் தமக்குரிய பரிசிலை விட்டுக்கொடுத்தார்கள். மயிலின் குளிருக்கு இரங்கியவன் மனைவியின் கண்ணீருக்கு இரங்கவில்லை என்பதை மயில்கொடையின் புகழ்மொழிக்குள்ளேயே வைத்து உணர்த்தினார்கள். ஐந்து பாடலும் ஒரே கதையாயினும் ஒவ்வொன்றும் தன்னளவில் துணிந்து எழுந்தது. அத்துணிவே அவற்றின் புதுமை.

பொம்மைக் கதையுலகிலும் இதற்கு ஓர் எதிரொலி உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. மார்வெலின் ஜி.ஐ. ஜோ இதழ் 1994 வரை 155 இதழ்கள் வந்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றை எழுதியவர் லாரி ஹமா. புதுப் பொம்மைகளை அறிமுகம் செய்யும் கடமையிலிருந்து அவரும் தப்பவில்லை. பொம்மையின் அட்டைக் குறிப்புகளையும் அவரே எழுதினார். ஆயினும் வியட்நாம் போர்க்காலத்தில் படையில் பணியாற்றிய அவர், படைவீரனின் சோர்வையும் தோழமையையும் அறிந்தவர். 1984இல் வந்த 21ஆம் இதழில் ஒரு சொல்லும் இல்லாமல் படங்களாலேயே முழுக்கதையையும் சொன்னார். விற்பனைக்குப் பிறந்த இதழ் அது; ஆனாலும் இன்றளவும் படக்கதைக் கலைஞர்கள் அதனை எடுத்துப் பார்க்கின்றனர். கட்டளைக்குள்ளும் கண்ட ஒன்றைச் சொல்ல இயலும் என்பதற்கு அவர் சான்று.

எனவே, குற்றம் திரும்பச் சொல்வதிலும் இல்லை. பணிக்கப்பட்டு எழுதுவதிலும் இல்லை. எவரிடமும் எதையும் கேட்காமல், எதையும் இழக்காமல், பார்த்த ஒன்றும் இன்றிச் சொல்வதில் இருக்கிறது.

இரவல் மெட்டும் சொந்தக் கேள்வியும்

பேகன் காலம் போயிற்று, இன்று அது இயலுமா என்று ஐயுறுவோர்க்குக் கோடைக்கானலிலேயே விடை உண்டு. அங்கு இயங்கிய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே தெரியவந்தபின் 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் இழப்பீடு கேட்டு ஆண்டுக் கணக்கில் போராடினர். 2015இல் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் அக்கோரிக்கையை ஆங்கிலப் பாட்டாக்கினார். மெட்டு அவருடையதன்று, அமெரிக்காவில் நிக்கி மினாஜ் பாடிப் புகழ்பெற்ற ஒரு பாட்டின் மெட்டு. அந்த இரவல் மெட்டில், நிறுவனத்தின் பெயரையே சொல்லி, கழிவை அகற்றவும் தொழிலாளர்க்கு ஈடு செய்யவும் கேட்டார். பாட்டு உலகெங்கும் பரவியது. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு ஒன்றே அதற்குக் காரணம் என்பது மிகை. தொழிலாளரின் பதினைந்தாண்டு உழைப்பை அது குறைத்துக் கூறுவதாகும். ஆனால் இசையை இரவல் வாங்கிய ஒரு பாட்டு, அவ்வாண்டில் அம்மலையைப் பற்றி எழுந்த சொந்த மெட்டுப் பாட்டுகள் பலவற்றினும் புதியதாக இருந்தது என்பதை மறுத்தல் அரிது.

குறிஞ்சியும் கவிஞரும்

இனி வழக்கு இவ்வவைக்கே வருகிறது.

கோடைக்கானலைப் பற்றிய கவிதைகளில் வரும் பொருள்களை ஒருவர் எண்ணத் தொடங்கினால் பத்து விரலுக்குள் முடித்துவிடலாம். மூடுபனி வரும். ஏரியும் படகும் வரும். வெள்ளி அருவி வரும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கட்டாயம் வரும். அது காத்திருக்கும் காதலிக்கு உவமையாக நிற்கும். பனி விலகும், காதலி வருவாள் அல்லது வராமல் போவாள். கடைசி அடியில் குறிஞ்சி பூக்கும். முதலடியில் இருந்த மலை கடைசி அடியிலும் மாசு மறுவின்றி அப்படியே நிற்கும். தீயவன் தோற்று ஓடும் படக்கதைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே பொம்மை விற்பனைக்கு இருக்கிறது; இங்கே மலை விற்பனைக்கு இருக்கிறது. விடுதிக்காரர் தம் விளம்பரத் தாளில் அச்சிட்டுக்கொள்ளத் தயங்காத கவிதை, அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை என்றே பொருள்.

கோடைக்கானல் பகுதியில் குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. அப்போது எழுந்த கவிதைகள் பல. அவற்றுள் எத்தனை, செடியின் அருகே சென்று நின்றபின் எழுதப்பட்டவை? பூக்கும் ஆண்டில் தேனீ மொய்ப்பதும், பூத்தபின் செடி விதை உதிர்த்து மடிவதும், சோலையும் புல்வெளியுமாக இருந்த சரிவுகளில் வாட்டிலும் தைலமரமும் பைனும் நடப்பட்டுக் குறிஞ்சியின் இடம் சுருங்கியதும் எத்தனை கவிதையில் உண்டு? செடி மடிகிறது என்பதைச் சொன்னால் உவமை கெடும் என்று அஞ்சுகிறவர், தீயவன் செத்தால் பொம்மை விற்காது என்று அஞ்சிய வணிகரின் இருக்கையில் அமர்ந்திருக்கிறார்.

கபிலரின் தலைவியும் மரபுத் தலைவியே. ஆனால் அவள் காக்கும் தினையைக் கிளி உண்மையாகவே தின்றது. மரபுப் பொருளைக் கையாள்வோர்க்கு அவ்வளவு உண்மையேனும் வேண்டும்.

இவ்வட்டம் பத்தாண்டில் தன் உறுப்பினரை எழுத வைத்தது, கூட வைத்தது, ஒருவர் கவிதையை ஒருவர் பொறுமையோடு கேட்க வைத்தது. அது சிறிய செயலன்று. அப்பொறுமையே ஓரளவில் குறையும் ஆகலாம். ஒருவர் குறிஞ்சியைப் பாட மற்றவர் கைதட்ட, அடுத்தவர் அதே குறிஞ்சியைப் பாடும் வழக்கம், பொம்மை வரிசையின் வழக்கத்தினின்று வெகுதொலைவில் இல்லை. இந்த மலரில் இடம்பெறும் கவிதைகளுக்கும் இக்கேள்வி உரியதே. எனவே வரும் ஆண்டுகளுக்கு ஒரு வழக்கம் பரிந்துரைக்கத் தக்கது. மாதக் கூட்டத்தில் ஒரு கவிதை படிக்கப்பட்டதும், நன்று என்று சொல்வதற்கு முன் இரு கேள்விகள் கேட்கப்படட்டும். இதில் எழுதியவர் கண்ணால் கண்டது எது? இது யாரிடம் எதைக் கேட்கிறது? இரண்டுக்கும் விடை இல்லையாயின், அக்கவிதை எத்தனை அழகியதாயினும், அடிவாரக் கடைத் தட்டுக்கு உரியது.

பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி குறிஞ்சி மீண்டும் 2030இல் பூக்க வேண்டும். அதற்குள் அச்சரிவுகளுக்குச் சென்று, பூவில்லாத செடியைப் பார்த்து எழுதும் கவிஞர் ஒருவரேனும் இவ்வட்டத்தினின்று எழுவாராயின், 2030இல் எழுதப்படும் கவிதைகளுக்கு அவரே முதல்நூலாவார்.

பேகன் அன்றிரவு தேர் பூட்டிக் கண்ணகியிடம் சென்றானா? புறநானூறு அதனைச் சொல்லவில்லை. நால்வர் கேட்டது மட்டும் ஏட்டில் நிற்கிறது. கேட்டவர்க்குக் கிடைத்தது என்ன என்று தெரியாமலே ஈராயிரம் ஆண்டாகத் தமிழர் அப்பாடல்களைப் படித்து வருகின்றனர்.